மொரீஷியஸில் தனியாக இருக்கிறேன், சாமி நம்பிக்கையும் இல்லை

ரோஸ்ஹில்_தனியன்:
எபீனில் வேலை, ரோஸ் ஹில்லில் ஒற்றை அறை, வந்து 8 மாதம் ஆகிறது. ஊரில் கோயில் பக்கமே போனதில்லை. இங்கே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. பக்கத்து வீட்டு அம்மா பத்து நாள் விரதம் முடித்து வாழையிலையில் ஏழு கறி வைத்துக் கூப்பிட்டார், தமிழ் வராது, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான், ஆனால் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்த விதம் அப்படியே எங்கள் அப்பத்தா. கண் கலங்கிவிட்டது. நம்பிக்கையில்லாமல் போய் உட்கார்வது போலித்தனமா?

கரும்புக்காடு:
தம்பி, இந்தத் தீவுத் தமிழர் எங்களுக்கு மொழி நழுவிவிட்டது, காவடிதான் நிலைத்தது. சென்சஸில் மதம் கேட்டால் ‘தமிழ்’ என்றே எழுதுகிறவர்கள் நாங்கள், உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். போய்ச் சாப்பிடுங்கள், யாரும் பரீட்சை வைக்கமாட்டார்கள்.

மதுரைக்காரி:
அந்தச் சென்சஸ் கட்டம்தான் எனக்கு உறுத்துகிறது. 1998-ல் இங்கே புது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கியதற்கு எழுந்த எதிர்ப்பில் நோட்டையே திரும்பப் பெற்றார்கள். தேர்தல் சட்டத்திலோ இந்து, முஸ்லிம், சீனர், மற்ற எல்லாரும் சேர்ந்த பொதுப்பிரிவு என்று நாலே பிரிவு, அங்கே தமிழர் இந்துவில் அடக்கம்! விருந்து சரி, அதே பந்திதான் நாளைக்கு ‘நம்ம ஆள்’ என்று ஓட்டும் கேட்கும்.

ரோஸ்ஹில்_தனியன்:
அதுவும் சரிதான். ஆனால் போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது கதவைத் தட்டியது அந்த அம்மா மட்டும்தானே. அப்புறம், அவர் ரசம் கொடுத்தனுப்பிய தூக்கு என்னிடமே இருக்கிறது. வெறும் தூக்காகத் திருப்பிக் கொடுக்கலாமா?

கரும்புக்காடு:
கூடாது. கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுங்கள்.