துக்கத்தைப் பற்றிய ஒரு பாட்டு: 68 ஷாட் எழுதிவிட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை

வெள்ளைத்திரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் வகுப்புத் தோழி, அவள் அப்பா இறந்து எட்டு மாதம் கழித்து ஒரு பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடியிருக்கிறாள். 3 நிமிடம் 40 நொடி, வேகம் 72 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 72 தாளத் தட்டு. காணொளி எடுத்துத் தர முடியுமா என்று என்னைக் கேட்டாள். இந்தப் பருவத்துக்கான படமாக அதையே கொடுக்கலாம் என்று ஆசிரியரும் சம்மதித்துவிட்டார்.

கையில் இருப்பவை: ஒரு கேமரா, 35, 50 மி.மீ. என்று இரண்டு லென்ஸ், ஒரு ட்ரைபாட், இரண்டு எல்இடி பேனல். என்னோடு சேர்த்து நாலு பேர். ஒரு சனி, ஒரு ஞாயிறு. அவர்கள் வீட்டிலேயே எடுத்துக்கொள்ள அவள் அம்மா அனுமதி கொடுத்திருக்கிறார்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து 68 ஷாட் எழுதினேன். ஜன்னல் கண்ணாடியில் மழை, சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்காருவது, அப்பாவின் போட்டோவை விரலால் தடவுவது, காலி நாற்காலி, கடற்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பது, பல்லவி வரும்போது ஸ்லோமோஷனில் கண்ணீர். ஆசிரியர் முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் இந்தப் பாட்டுக்கு மட்டுமே பொருந்துகிற ஷாட் எது?" நானும் பட்டியலை மேலும் கீழும் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

ஷூட்டுக்கு இன்னும் 12 நாள். ஷாட்களை எங்கிருந்து யோசிக்க ஆரம்பிப்பது? ஸ்லோமோஷனில் அவள் பாடுகிற மாதிரி எடுத்தால் உதடு பாட்டோடு சேருமா? இதையெல்லாம் விட எனக்குப் பயமாக இருப்பது இன்னொன்று. நான் இதுவரை நெருங்கிய யாரையும் இழந்ததில்லை. அவளைக் கேமரா முன்னால் நிறுத்தி அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லப்போகிறேன். அது சரியா?


மூன்றாம்டேக் எழுதியது:

ஸ்லோமோஷன் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். மற்றதற்கு இங்கே அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

உதடு சேரும். உங்கள் எடிட் டைம்லைன் நொடிக்கு 24 ஃபிரேம் என்றால், 48 ஃபிரேமில் எடுக்கும்போது ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும். அவள் அந்த வேகத்துக்கு வாயசைப்பாள். எடிட்டில் பாதி வேகத்துக்கு இறக்கினால் உதடு பாட்டோடு வந்து உட்காரும், தலைமுடியும் துணியும் மட்டும் மிதக்கும். ஆனால் 72-இல் இருக்கிற பாட்டு 144-இல் ஓடும். மனசு கனத்துப் பாட வேண்டிய வரியை ஓட்டப்பந்தயம் மாதிரி பாட வேண்டியிருக்கும், முகத்தில் அந்த அவசரம் தெரியும்.

அதனால் நான் 30 ஃபிரேமில் எடுக்கச் சொல்வேன். பாட்டை 125 சதவீத வேகத்தில் ஓடவிடுங்கள், சுருதி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 24-க்கு இறக்கும்போது அசைவில் லேசான கனம் வரும். பார்க்கிறவருக்கு ஸ்லோமோஷன் என்றே தோன்றாது, எங்கோ ஏதோ சரியில்லை என்று மட்டும் படும்.

இரண்டு எச்சரிக்கை. 48-க்குப் போனால் ஷட்டர் வேகமும் இரண்டு மடங்காகும், வெளிச்சம் பாதியாகும். அந்தச் சிறிய பேனல்கள் வீட்டுக்குள் திணறும். அடுத்து, வீட்டு விளக்குகள் கேமராவில் துடிக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. எல்இடி பல்பு அப்போதும் துடிக்கலாம், அதனால் ஷூட்டுக்கு முன்பே எடுத்துப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள்.

பாட்டுக்கு முன்னால் மூன்று பீப் சத்தம் சேர்த்து ஒரு கோப்பு தயார் செய்யுங்கள், அவள் பாடத் தொடங்கும் இடத்தைத் தவறவிட மாட்டாள். கேமரா மைக்கை அணைக்காதீர்கள். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பின்னால் ஒவ்வொரு டேக்கையும் பாட்டோடு பொருத்த முடியும்.


எடிட்மேசை எழுதியது:

உங்கள் ஆசிரியர் கேட்ட கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் படம் வேறாக இருந்திருக்கும்.

என் தம்பி இறந்துபோன மறு வருடம், கடைசி ஆண்டுப் படமாக அவனுக்காக ஒரு பாட்டுக் காணொளி எடுத்தேன். அவனுடைய சைக்கிளை எண்ணெய்த் துணியால் துடைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்து, சக்கரம் மெதுவாகச் சுற்றுகிற மாதிரி அழகாக எடுத்தேன். திரையிட்டபோது எல்லோரும் அந்த ஷாட்டைப் பாராட்டினார்கள். எடிட் செய்துகொண்டிருந்த ஒரு ராத்திரிதான் எனக்கு உறைத்தது: அந்த சைக்கிளின் சீட் அவன் உயரத்துக்கு ஏற்றி வைத்தது. அவன் என்னைவிட நெட்டை. நான் ஏறினால் கால் தரையில் எட்டாது, ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன். ஒரு ஸ்பானர் எடுத்து அதை இறக்க இரண்டு நிமிடம் போதும். வீட்டில் யாரும் இறக்கவில்லை, நானும் இறக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற அந்தக் காலை நான் படம் எடுக்கவே இல்லை. தினமும் செய்ததால் கண்ணில் படவில்லை.

அதனால் அந்த 68-ஐயும் மூடி வைத்துவிட்டு, தோழியிடமும் அவள் அம்மாவிடமும் போய் உட்காருங்கள். கேமரா வேண்டாம், நோட்டு மட்டும். ஒரு கேள்வி போதும்: இந்த வீட்டில் இன்னமும் அவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு நடக்கிற காரியம் எது? சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் யாரையும் இழக்காதது இதற்குத் தடையே இல்லை. தெரியாதவன் கேட்டால்தான் அவர்களும் விவரமாகச் சொல்வார்கள்.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு சொல்லியிருக்கிறது: இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு, வறுமை. நாம் எல்லோரும் இழவைத்தான் படம் எடுக்கப் போகிறோம். எனக்கென்னவோ காணொளிக்கு அசைவுதான் பிடிகொடுக்கும் என்று தோன்றுகிறது. முன்பிருந்த நிலை கெட்டு வேறாகிப்போன வருத்தம் என்று அதற்கு உரை சொல்வார்கள். நிலை மாறியதைக் கேமரா பார்க்க முடியும். போன உயிரைப் பார்க்க முடியாது.

இனி கணக்கு. 72 பிபிஎம்-இல் ஒரு தாளத் தட்டு 24 ஃபிரேம் டைம்லைனில் சரியாக 20 ஃபிரேம். நாலு தட்டு ஒரு வட்டம் என்றால் 80 ஃபிரேம், அதாவது மூன்று நொடிக்குக் கொஞ்சம் மேல். பாட்டு முழுவதும் 66 வட்டம். 68 ஷாட் போட்டால் ஒரு ஷாட்டுக்கு ஒரு வட்டம்கூட முழுசாகக் கிடைக்காது. துக்கத்தில் இருக்கிறவர் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், உங்கள் படம் மூன்று நொடிக்கு ஒருமுறை தலையைத் திருப்பும். படப்பிடிப்பிலும் அப்படித்தான். இரண்டு நாளில், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தாலும், ஒரு ஷாட்டுக்கு 17, 18 நிமிடம். விளக்கை இடம் மாற்றவே அது போய்விடும்.

22 ஷாட்டுக்குக் குறையுங்கள். அதில் இரண்டோ மூன்றோ நாலு வட்டம், அதாவது 13 நொடி, வெட்டாமல் நிற்கட்டும். எந்த ஷாட் அவ்வளவு நேரம் தாங்கும் என்று காகிதத்தில் தெரியாது. வீட்டுக்குப் போகும்போதே ஒவ்வொரு கோணத்தையும் போனில் ஸ்டில் எடுத்து, பாட்டுக்கு அடியில் டைம்லைனில் அடுக்கி ஓட்டிப் பாருங்கள். ஸ்டில்லாகவே 13 நொடி பார்க்க முடிந்தால் அந்த ஷாட் நிற்கும்.


வெள்ளைத்திரை எழுதியது:

அண்ணா, நேற்று போயிருந்தேன். கேள்வியைக் கேட்டதும் தோழி கொஞ்ச நேரம் யோசித்தாள். அம்மாதான் முதலில் பதில் சொன்னார், அதுவும் சாதாரணமாக: "வாசல் லைட்டைப் பத்தேகால் வரைக்கும் அணைக்க மாட்டேன்." அவள் அப்பா மாலை ஷிப்ட் முடித்துப் பத்தேகாலுக்குத்தான் வீடு திரும்புவாராம். இப்போதும் இருட்டத் தொடங்கியதும் போடுகிறார். தோழி ஒரு நாள் மறந்துபோய் சீக்கிரம் அணைத்துவிட்டாளாம், அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து மறுபடி போட்டுவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு அவள் அந்த சுவிட்சைத் தொடுவதில்லை. சுவிட்சைச் சுற்றிச் சுவரில் விரல் பட்டுப் பட்டு ஒரு கறுப்புத் தடம்.

பாட்டில் விளக்கு என்ற சொல்லே இல்லை. "எழுதும்போது எனக்கு இது தோணவே இல்லை" என்று அவளே சொன்னாள்.

அந்த விளக்கை எப்படி எடுப்பது? போனில் எடுத்துப் பார்த்தேன், பல்பு வெள்ளையாக வெடிக்கிறது, மற்றதெல்லாம் கருப்பு.


எடிட்மேசை எழுதியது:

கிடைத்துவிட்டது. மழை, கடற்கரை, நாற்காலி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

முழு இருட்டில் எடுக்காதீர்கள். சூரியன் மறைந்த பிறகு வானம் அடர்நீலமாக இருக்கும் ஒரு சிறிய இடைவெளி உண்டு. பல்பின் வெளிச்சம் சுவரில் விழும் இடத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவை, வைத்துப் பூட்டிவிடுங்கள், பிறகு வானத்தின் வெளிச்சம் இறங்கி வருவதற்குக் காத்திருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் நேரம் சில நிமிடம்தான் நிற்கும். ஆட்டோவில் விட்டால் இருட்ட இருட்டக் கேமரா தானே வெளிச்சத்தை ஏற்றி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நிறத்தைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸையும் 4000 கெல்வின் பக்கத்தில் பூட்டுங்கள். மஞ்சள் பல்பாக இருந்தால் சுவர் இளஞ்சூடாகவும் வானம் நீலமாகவும் வரும். பல்பு அப்போதும் வெடித்தால், அதே நிறத்தில் குறைந்த வாட் பல்பை ஷூட்டுக்கு மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள், அம்மாவிடம் கேட்டுவிட்டு.

வானம் தெரிகிற வைட் ஷாட்டை மட்டும் அந்த நேரத்தில் எடுங்கள். சுவிட்ச், கை, பல்புக்கு அடியில் முகம் இதெல்லாம் இருட்டிய பிறகு நிதானமாக எடுக்கலாம். சனிக்கிழமை தவறினால் ஞாயிறு மாலை இருக்கிறது, அதனால் அந்த இரண்டு மாலையிலும் வேறு வேலை வைக்காதீர்கள்.

அவள் அழ வேண்டியதே இல்லை. ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர், ஒரே நடிகரின் ஒரே முகபாவத்தை ஒரு கிண்ணம் சூப்புக்கும், சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தைக்கும், ஒரு பெண்ணுக்கும் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார். முகம் மாறவில்லை, பார்த்தவர்கள் ஒவ்வொன்றிலும் வேறு வேறு உணர்ச்சியைக் கண்டார்களாம். விளக்கைப் பார்க்கும் அவள் முகம் சும்மா இருந்தாலே போதும்.


களப்பணி எழுதியது:

தம்பி, நான் உதவி இயக்குநராக வேலை செய்கிறேன். உன் கடைசிக் கேள்விக்கு யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். "அது சரியா" என்று கேட்டாயே, அதை அவளிடமே கேள். ஷூட் அன்றைக்குக் கேட்காதே, இந்த வாரமே கேள். எந்த வரி வந்தால் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். அந்த வரியில் முகத்தைக் காட்டாமல் இருக்க உன்னால் முடியும்.

நாலு பேரில் ஒருவரை அவளோடு இருப்பதற்கென்றே ஒதுக்கு. அது நீயாக இருக்கக்கூடாது. உன் பாதிக் கவனம் ஃபிரேமில்தான் இருக்கும், அவள் தண்ணீர் கேட்டால்கூட உனக்குக் கேட்காது. "போதும்" என்று அவள் சொன்னால் கேமரா நிற்க வேண்டும், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. இதை எல்லோர் முன்னிலையிலும் முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் நண்பர்களின் நேரம் வீணாகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

பாடும் குளோஸப்பை நாளின் முதலிலேயே எடுத்துவிடு. வழக்கமாக வைட் எடுத்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவோம். இந்த மாதிரிக் காட்சியில் அப்படிச் செய்தால், முகத்துக்கு வரும்போது உள்ளே ஒன்றும் மிச்சம் இருக்காது. மூன்று டேக்குக்கு மேல் போகாதே. டேக்குக்கு நடுவில் ஸ்பீக்கரில் பாட்டைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஓடவிடாதே, காதில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேள். நாங்கள் ஒருமுறை அப்படி ஓடவிட்டதில் நடிக்க வந்த பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். அன்றைக்கு ஷூட் அத்தோடு நின்றது. தப்பு எங்களுடையதுதான்.

அப்பாவின் சட்டையையோ கண்ணாடியையோ ஃபிரேமில் வைக்க ஆசை வந்தால் அம்மாவிடம் கேட்டுவிட்டு எடு, எடுத்த இடத்திலேயே திரும்ப வை. முதல் எடிட்டை வகுப்புக்குக் காட்டும் முன் அவர்கள் இரண்டு பேரும் தனியாகப் பார்க்கட்டும். ஒரு ஷாட்டை எடுத்துவிடு என்று சொன்னால் எடுத்துவிடு, அது உன் படத்திலேயே நல்ல ஷாட்டாக இருந்தாலும்.


வெள்ளைத்திரை எழுதியது:

அக்கா, கேட்டேன். இரண்டாம் சரணத்தில் ஒரு வரியைச் சொன்னாள், அங்கே முகம் வேண்டாமாம். அந்த நாலு வட்டத்தையும் வாசல் வைட் ஷாட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது மொத்தம் 21 ஷாட்.

இன்று மாலை சோதனைக்காகப் போனில் முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தேன். விளக்கும் வானமும் ஒத்து நின்றது சுமார் 12 நிமிடம். சுவிட்ச் ஷாட்டுக்குத் தோழியின் கையை வைத்துக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளேயிருந்து வந்தார். "அதை அவ போட மாட்டா, நான்தான் போடுவேன்" என்றார். ஷாட் லிஸ்ட்டில் கையை மாற்றி எழுதிக்கொண்டேன். அவர் உயரத்துக்கு ட்ரைபாடைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும்.