அவசரம்: நாளைக்கு ஆபீஸ் பேன்டஸி டிராஃப்ட், எனக்கு 11-வது இடம், யாரை எடுக்கணும்?

நெல்லை_சின்சினாட்டி:
வணக்கம். ஆபீஸ்ல பேன்டஸி ஃபுட்பால் லீக்ல என்னையும் சேத்துட்டாங்க. நாளைக்கு ராத்திரி டிராஃப்ட், அதாவது நிஜ ஆட்டக்காரங்களை முறை வெச்சு ஒவ்வொருத்தரா நம்ம டீமுக்கு எடுக்கணுமாம்; அவங்க நிஜ மேட்ச்ல ஆடறதை வெச்சு நமக்குப் புள்ளி. எனக்கு 11-வது சான்ஸ். முதல்ல யாரை எடுக்கலாம்? நெட்ல ஆளுக்கொரு லிஸ்ட் போட்டிருக்காங்க, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகவே இல்ல. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மடிப்பாக்கம்_கோலி:
ஹாலந்தை உள்ள வெச்சுட்டு, 100 மில்லியன்ல மிச்சக் காசுக்கு டிஃபென்ஸ் கட்டுங்க. கேப்டனும் அவரே.

டல்லாஸ்_தம்பி:
ப்ரோ, பேரைப் பாருங்க, சின்சினாட்டி. இது அமெரிக்காவோட என்எஃப்எல், இங்கிலாந்து பிரீமியர் லீக் இல்ல. @நெல்லை, மொத்தம் எத்தனை டீம்? கேட்சுக்குப் புள்ளி உண்டா?

மடிப்பாக்கம்_கோலி:
அப்போ அமெரிக்கக் கால்பந்துன்னு தலைப்புலயே போட்டிருக்கணும்.

ஸ்காபரோ_குமரன்:
எத்தினை டீம் எண்டு தெரியாமல் 11 எண்டு மட்டும் சொன்னால் ஒண்டும் செய்யேலாது. 12 டீம் எண்டால் உங்கட முறை 11, 14, பிறகு 35, 38. 14 டீம் எண்டால் 11, 18, 39. ஒரு ரவுண்ட் முன்னால இருந்தும் அடுத்த ரவுண்ட் பின்னால இருந்தும் வாறபடியால் முதல் ரெண்டு ஆளையும் ஒரு சோடியா யோசியுங்கோ. 12 டீம் லீக்கில 14க்கும் 35க்கும் நடுவில 20 பேர் போயிடுவினம்.

பழைய_ஆட்டக்காரர்:
வருஷா வருஷம் ஆகஸ்ட் ஆனா இதே கேள்வி. லீக் விதிகளைத் திறந்துகூடப் பாக்காம 'யாரை எடுக்கணும்'னா என்ன சொல்றது? நீங்க பாத்த லிஸ்ட்கள் ஏன் ஒத்துப்போகலன்னு சொல்றேன், கவனமாப் படிங்க. 2024 சீசன்ல ரிசீவர் (எறியற பந்தைப் பிடிக்கறவர்) ஜமார் சேஸ் 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன் (பந்தை எதிரணியோட கடைசிக் கோட்டைத் தாண்டிச் சேக்கறது). ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிட்டு ஓடறவர்) டெரிக் ஹென்றி ஓடியே 1,921 யார்டு எடுத்தார், ஆனா கேட்ச் 19தான். கேட்சுக்குப் புள்ளி இல்லாத லீக்ல ஹென்றி மேல. கேட்சுக்கு ஒரு புள்ளின்னா சேஸ் 60 புள்ளிக்கும் மேல முன்னால போயிடுவார். ஒவ்வொரு லிஸ்டும் ஒவ்வொரு விதிக்குப் போட்டது. உங்க விதி என்னன்னு முதல்ல பாருங்க.

வைகை_ரிசீவர்:
எந்த விதியா இருந்தாலும் முதல் ரவுண்டுல ரன்னிங் பேக் வேண்டாம். 2024ல மெக்காஃப்ரியைப் பெரும்பாலான லீக்ல முதல் ஆளா எடுத்தாங்க. அடிபட்டு ஆடினது 4 மேட்ச்.

டல்லாஸ்_தம்பி:
அதே வருஷம் இன்னொரு ரன்னிங் பேக் பார்க்லி 2,005 யார்டு ஓடினாரே? அடிபடுறதுக்கு ரிசீவரும் விதிவிலக்கு இல்ல.

வைகை_ரிசீவர்:
ஒரு வருஷத்தை வெச்சுப் பேசாதீங்க.

டல்லாஸ்_தம்பி:
நீங்களும் ஒரு வருஷத்தைத்தான் சொன்னீங்க.

நெல்லை_சின்சினாட்டி:
மன்னிக்கணும், மீட்டிங்ல இருந்தேன். 12 டீம். கேட்சுக்கு அரைப் புள்ளி. குவாட்டர்பேக் (பந்தை எறியறவர்) டீமுக்கு ஒருத்தர்தான். ஆளுக்கு 90 செகண்ட். 50 டாலர் கட்டியாச்சு.

காவிரிக்கரை:
காசு கட்டி ஆடினா அது சூதாட்டம்தானே? இந்தியாவுல 2025 ஆகஸ்ட்ல பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டுக்குத் தடைச் சட்டம் வந்தது, பேன்டஸியும் அதுல சேத்தி.

பழைய_ஆட்டக்காரர்:
அமெரிக்காவுல 2006ல வந்த இணையச் சூதாட்டச் சட்டமே சில நிபந்தனைகளோட பேன்டஸிக்கு விலக்கு கொடுத்திருக்கு. அவர் இருக்கறது ஒஹாயோவுல.

காவிரிக்கரை:
சட்டம் விட்டா சரின்னு ஆயிடுமா? பணம் போன வீடுகளைப் பாத்தவன் நான், அதனால சொல்றேன்.

ஸ்காபரோ_குமரன்:
அது வேற இழை ஐயா. அவருக்கு நாளைக்கு டிராஃப்ட்.

கொலம்பஸ்_அக்கா:
தம்பி, முதல்ல ஒண்ணு: உங்க ஆபீஸ் சின்சினாட்டில. உள்ளூர் டீம் பெங்கால்ஸ் ஆளுங்களை எல்லாரும் பாசத்துல சீக்கிரமே தூக்குவாங்க. குவாட்டர்பேக் பர்ரோ, ரிசீவர் ஹிக்கின்ஸ் ரெண்டு பேரும் லிஸ்ட்ல இருக்கற இடத்துக்கு முன்னாடியே போவாங்க. போகட்டும்னு விடுங்க. அவங்க அப்படி எடுக்கும்போதெல்லாம் வேற ஒரு நல்ல ஆள் உங்களை நோக்கி நழுவி வருவார். குவாட்டர்பேக்குக்கு அவசரமே இல்ல. 12 டீமுக்கு 12 பேர் போதும், என்எஃப்எல்ல 32 டீம் இருக்கு.

நான் செய்யறது இதுதான். அரைப் புள்ளி லிஸ்டை பிரிண்ட் எடுத்து, ஒரே தரமா இருக்கற ஆளுங்களுக்குக் கீழ பென்சில்ல கோடு போடுவேன். யார் போனாலும் அடிச்சுக்கிட்டே வருவேன். ஒரு கோட்டுக்கு மேல ஒரே ஒரு ரன்னிங் பேக் மிச்சம், ஆனா ரிசீவர் நாலு பேர்னா ரன்னிங் பேக்கை எடுத்துடுவேன். ரிசீவர் அடுத்த முறைக்கும் கிடைப்பார். 90 செகண்ட்ங்கறது ரொம்பக் கம்மி, கடைசி பத்து செகண்ட்ல கை நடுங்கும். அதனால உங்க முறை வர்றதுக்கு முன்னாடியே அஞ்சு பேரை வரிசையில போட்டு வைங்க. பந்தை உதைக்கற கிக்கர் கடைசி ரவுண்டுல.

சேலம்_சுந்தர்:
பை வீக்கை (டீமுக்கு மேட்ச் இல்லாத வாரம்) யாருமே சொல்லலையே? ரெண்டு பேருக்கும் ஒரே வாரம் லீவு வராமப் பாத்து எடுங்க.

பழைய_ஆட்டக்காரர்:
ஒரு வார லீவுக்காக நல்ல ஆளை விடறது தப்பு. குவாட்டர்பேக்குக்கு மட்டும் பாத்தாப் போதும்.

சேலம்_சுந்தர்:
நான் அந்த ஒரு வாரத்துலதான் பிளேஆஃபை விட்டேன்.

நெல்லை_சின்சினாட்டி:
டிராஃப்ட் முடிஞ்சது. 11ல ஹென்றியே கிடைச்சார், 14ல ரிசீவர். பர்ரோ மூணாவது ரவுண்டுலயே போயாச்சு, அக்கா சொன்ன மாதிரியே. ஏழாவது ரவுண்டுல வைஃபை போயிடுச்சு, வரிசையில முதல்ல போட்டிருந்த ஆளையே சிஸ்டம் தானா எடுத்துக்கிச்சு. அக்காவுக்கு ரொம்ப நன்றி.

சேலம்_சுந்தர்:
டைட் எண்ட் (பந்தையும் பிடிச்சு, எதிராளியையும் தடுக்கறவர்) யாரு? பை வீக் எது?

ஸ்காபரோ_குமரன்:
ஹென்றிக்கு மாற்றா ஆரையும் பெஞ்சில வச்சிருக்கிறியளோ?