வாக்‌ஷெட்: நடைவட்டம் வேண்டாம், நடையெல்லை என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

வாக்‌ஷெட் (walkshed) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘நடைவட்டம்’ என்றே முடித்துவிடலாம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சொல் சின்னது, சொல்ல எளிது, கேட்டதும் புரிந்துவிடுகிறது. அது தவறாகப் புரிந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விவாத இழைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. ஒரு ரயில் நிலையத்திலிருந்தோ பேருந்து நிறுத்தத்திலிருந்தோ குறிப்பிட்ட நேரத்துக்குள் நடந்து எட்டக்கூடிய இடம் முழுவதையும் நகரத் திட்டமிடலில் வாக்‌ஷெட் என்கிறார்கள். நடைபாதை போடுவதானாலும் சரி, மிதிவண்டித் தடம் அமைப்பதானாலும் சரி, நிறுத்தத்தை இடம் மாற்றுவதானாலும் சரி, யாருக்குப் பயன் என்று கணக்குப் பார்க்க முதலில் இதைத்தான் வரைய வேண்டியிருக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்கு 400 மீட்டர், ரயில் நிலையத்துக்கு 800 மீட்டர் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவு. நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பவருக்கு ஐந்து நிமிடமும் பத்து நிமிடமும். 1929இல் அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காகக் குடியிருப்பு அலகு (பள்ளி, கடை எல்லாம் நடந்து எட்டும்படி அமைந்த குடியிருப்புப் பகுதி) என்ற கருத்தை முன்வைத்தபோதும் கால் மைல் நடையைத்தான் அளவாக எடுத்துக்கொண்டார். அதுவும் ஏறத்தாழ 400 மீட்டர்தான்.

இந்த அளவைக் கவராயத்தில் எடுத்து, நிலையத்தின் மேல் முள்ளை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினால் வட்டம் வந்துவிடுகிறது. பல திட்ட அறிக்கைகளில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. நான் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கும் அறிக்கையிலும் அப்படி ஒரு படம் உண்டு. அதைக் குடியிருப்பவர்களிடம் விளக்கிய கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா எழுந்து வந்து, படத்தில் தன் வீட்டின் மேல் விரலை வைத்தார். “எங்க அடுப்படியில நின்னா ரயில் அறிவிப்பு ஒவ்வொண்ணும் காதுல விழுது. ஆனா போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகுது. நான் இந்த வட்டத்துக்கு உள்ளயா, வெளியயா?” என்று கேட்டார். விரல் வட்டத்தின் நடுவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவில் ஒரு நீண்ட மதில். அதைச் சுற்றிக்கொண்டு, பெரிய சாலையைக் கடந்து, திரும்பி வர வேண்டும். மேடையில் இருந்தவர்கள் ‘உள்ளேதான் அம்மா’ என்றார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தார். அன்றிரவே என் வரைவில் ‘நடைவட்டம்’ என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டேன்.

மதிலே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு வட்டத்துக்கு ஒத்துவராது. தெருக்கள் எல்லாம் கட்டம் போட்டாற்போல நெருக்கமாகவும் நேராகவும் இருக்கும் ஓர் ஊரை எண்ணிக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து 800 மீட்டர் கிழக்கே போகலாம். அல்லது 400 மீட்டர் கிழக்கே போய் 400 மீட்டர் வடக்கே திரும்பலாம். இப்படிப் போய் நிற்கும் புள்ளிகளையெல்லாம் சேர்த்தால் கிடைப்பது முனையில் நிற்கும் ஒரு சதுரம். 800 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 201 ஹெக்டேர். அந்தச் சதுரத்தின் பரப்பு 128 ஹெக்டேர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது. இது தடையே இல்லாத ஊரின் கணக்கு. முட்டுச்சந்து, பூட்டிய வாயில், கடக்க முடியாத சாலை, கால்வாய் எல்லாம் சேர்ந்தால் எஞ்சுவது கை விரித்தாற்போல அங்கங்கே நீளும் ஒரு கோணல் உருவம்தான். அந்தக் கோணலைப் பார்த்தால்தான் எந்த மதிலில் ஒரு வழி திறக்க வேண்டும் என்று தெரியும். வட்டம் அதை மறைத்துவிடுகிறது. சொல்லிலேயே வட்டத்தை வைத்துவிட்டால், பிறகு எத்தனை விளக்கம் எழுதினாலும் படிப்பவர் மனத்தில் கவராயம்தான் சுழலும்.

இதே காரணத்தால் ‘நடைவீச்சு’ என்பதையும் விட்டுவிட வேண்டும். வீச்சு என்றால் விளக்கொளி போல எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவுவது என்ற எண்ணம் வருகிறது.

‘நடைப்பிடிப்புப் பகுதி’ என்று எழுதிய நண்பர் மூலச்சொல்லை நன்றாக ஆராய்ந்திருக்கிறார். வாக்‌ஷெட் என்பது வாட்டர்ஷெட்டைப் பார்த்து உருவானதுதான். அதற்கு நம்மிடம் நீர்ப்பிடிப்புப் பகுதி இருக்கிறது. இதில் வரும் ஷெட்டுக்கும் கொட்டகைக்கும் தொடர்பில்லை, பிரிப்பது என்ற பழைய பொருள் என்று அவர் சொன்னதும் சரி. மழைநீர் ஓடைவழியே ஏரிக்கு வருவது போல மக்கள் சந்துவழியே நிலையத்துக்கு வருகிறார்கள் என்ற உவமையும் பொருந்துகிறது. ஆனால் தமிழ்க் காதுக்குக் காலும் பிடிப்பும் சேர்ந்து வந்தால் தசைப்பிடிப்புத்தான் நினைவுக்கு வரும். மூன்று சொல் நீளம் வேறு. ஓர் அறிக்கையில் நூறு இடத்தில் வரப்போகும் சொல் இவ்வளவு நீளம் தாங்காது.

அந்த அம்மாவின் கேள்வி என்னை வேறொரு பக்கம் திருப்பியது. தூரத்தைச் சொல்லத் தமிழில் இரண்டு பழைய வழக்குகள் இருக்கின்றன. ஒன்று கூப்பிடு தூரம். இன்னொன்று நாழிகை வழி. கூப்பிடு தூரம் காதுக்கான அளவு. குரல் மதிலைத் தாண்டிப் போகும். நாழிகை வழி காலுக்கான அளவு. ஒரு நாழிகை 24 நிமிடம்; அவ்வளவு நேரத்தில் நடந்து கடக்கும் வழி. அவர் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார், நாழிகை வழியில்தான் போய்ச் சேர்கிறார். நமக்கு வேண்டிய சொல் இரண்டாவதன் பிள்ளையாக இருக்க வேண்டும். நாழிகை வழியையே எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அது ஒரு பாதையின் நீளத்தைச் சொல்வது. எல்லாப் பாதைகளும் சேர்ந்து எட்டும் இடத்தைச் சொல்லாது.

ஆகவே என் முன்மொழிவு நடையெல்லை. நடை + எல்லை, இடையில் யகர உடம்படுமெய். எந்த வடிவத்தையும் இது முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. ஊர் எல்லை வளைந்து நெளிந்து போகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

எல்லை என்பது கோடுதானே, இடமாகுமா என்று ஐயா ஒருவர் முன்பே தனிமடலில் கேட்டார். ஆகும் என்றே நினைக்கிறேன். ‘ஊராட்சி எல்லையில் நடக்கும் பணிகள்’ என்றால் கோட்டின் மேல் நடக்கும் பணிகள் என்று யாரும் கொள்வதில்லை. வெளிவிளிம்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் சமநேரக் கோடு என்று எழுதலாம். சமவெப்பக் கோடு, சமஅழுத்தக் கோடு என்று பாடநூலில் படித்தவர்களுக்கு அது தானாக விளங்கும். லண்டனிலிருந்து எத்தனை நாளில் எங்கே போய்ச் சேரலாம் என்று 1881இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் உலக வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டியதும் இந்த வகைப் படம்தான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘நிலையத்தின் பத்து நிமிட நடையெல்லைக்குள் 3 பள்ளிகள் வருகின்றன.’ ‘மதிலில் ஒரு வாயில் திறந்தால் நடையெல்லை கிழக்கே விரியும்.’ ‘சாலையை அகலப்படுத்தியதில் நடையெல்லை சுருங்கிவிட்டது.’ விரிவதும் சுருங்குவதும் இடறாமல் வருகின்றன. நடைவட்டத்தை இங்கெல்லாம் போட்டுப் பாருங்கள். கிழக்குப் பக்கம் மட்டும் விரியும் வட்டம் ஏது?

நடை என்ற சொல்லுக்குப் பொருள் அதிகம் என்ற தயக்கமும் இழையில் வந்தது. இந்த இடத்தில் அது நமக்கு உதவுகிறது என்பேன். நடை ஆளுக்கு ஆள் மாறும். முட்டி வலியோடு நிமிடத்துக்கு 50 மீட்டர் நடக்கும் பெரியவருக்குப் பத்து நிமிடத்தில் 500 மீட்டர்தான். தூரம் எட்டில் ஐந்து பங்காகக் குறைந்தால் பரப்பு ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறது. ‘முதியோர் நடையெல்லை’ என்று தனியே ஒரு படம் வரையச் சொல்லிக் கேட்க இந்தச் சொல் இடம் தருகிறது. குழந்தையை இடுப்பில் வைத்து நடப்பவருக்கும் அப்படியே.

மிதிவண்டிக்கு என்ன சொல்வது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடத்துக்கு 2.5 கி.மீ.; நடையோடு ஒப்பிட்டால் பரப்பு ஏறத்தாழப் பத்து மடங்கு. அதனால் அதற்கும் தனிச்சொல் அவசியம். ‘மிதியெல்லை’ என்று எழுதிப் பார்த்தேன். சுருக்கம்தான், ஆனால் எல்லையை மிதிப்பது போலவும் கேட்கிறது. ‘மிதிவண்டி எல்லை’ பாதுகாப்பானது, ஆனால் நீளம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான படத்துக்கும் பெயர் வேண்டும். அங்கே நடை என்ற சொல்லையே போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த இரண்டுக்கும் உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். அறிக்கையின் மூன்றாம் இயலை இந்த இரண்டு சொல்லுக்கும் வெற்றிடம் விட்டு வைத்திருக்கிறேன்.