மெட்டு மாறிய நொடியில் அரங்கமே ஆர்ப்பரித்தது ஏன்? முதல் செல்டிக் கச்சேரி குறித்து ஒரு கேள்வி

கேள்வி

பத்து ஆண்டுகளாக, செல்டிக் இசை என்று அழைக்கப்படும் ஐரிஷ், ஸ்காட்டிஷ் இசையைப் பதிவுகளில் மட்டுமே கேட்டு வந்த நான், இந்த ஜனவரியில்தான் முதன்முறையாக ஒரு கச்சேரியை நேரில் கேட்டேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1994 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் 'செல்டிக் கனெக்ஷன்ஸ்' விழாவில், ராயல் கான்சர்ட் ஹாலின் பின்வரிசை ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. மேடையில் ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) வாசிப்போர் இருவர், தகரக்குழல், இல்லன் பைப் (காற்றுப்பையுள்ள ஐரிஷ் குழல்), கிட்டார், பௌரான் (கையில் பிடித்து அடிக்கும் தோற்கருவி) ஆகியவற்றை வாசிப்போர் ஒவ்வொருவர் என ஆறு பேர் இருந்தனர்.

அன்று முதல் என் மனத்தை விட்டு அகலாத ஒரு கணத்தைப் பற்றித்தான் கேட்க விரும்புகிறேன். ரீல் எனும் விரைவான நடன மெட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழிந்திருக்கும். இடைவெளி ஏதுமின்றி மெட்டு சட்டென்று வேறொன்றாக மாறியது. கிட்டார் ஒரு கணம் மௌனமாகிப் பின்னர் முழு வலுவுடன் சேர்ந்துகொண்டது. அந்த நொடியிலேயே அரங்கம் முழுவதும் ஓங்கிக் குரலெழுப்பியது. எனக்கு மெய்சிலிர்த்தது, ஆனால் என்ன நிகழ்ந்தது என்பது புரியவில்லை. இதே போன்ற மாற்றத்தைப் பதிவுகளில் நூறு முறையாவது கேட்டிருப்பேன். ஒருமுறைகூட இப்படி உணர்ந்ததில்லை.

வேறு இரண்டு ஐயங்களும் உண்டு. இல்லன் பைப் கலைஞர் தனியாக மிக மெதுவான மெட்டு ஒன்றை வாசித்தபோது, அதில் தாளத்தைத் தேடித் தேடிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்மணி ஓசையின்றி அழுதுகொண்டிருந்தார். வாசித்து முடித்த பிறகும் சில நொடிகள் யாரும் கைதட்டவில்லை. அடுத்து வந்த ஜிக் எனும் துள்ளலான நடன மெட்டுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து தாளம் தட்டத் தொடங்கியபோது, ஃபிடில் கலைஞர் புன்னகையுடன் கையசைத்து எங்களை நிறுத்தச் சொன்னார். நாங்கள் செய்த பிழை என்ன?

பதில் (ஃபிடில் பயில்பவர்)

நீங்கள் கேட்டது ஒரே மெட்டை அல்ல, சில மெட்டுகளை இடைவெளியின்றிக் கோத்து வாசிக்கும் ஒரு 'செட்'டை. ஒரு ரீல் பெரும்பாலும் எட்டு எட்டு தாள அலகுகள் கொண்ட இரண்டு பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசிக்கும்போது மொத்தம் 32 அலகுகள் ஆகின்றன. வழக்கமான வேகத்தில் ஒரு சுற்று முடிவதற்குச் சுமார் 35 வினாடிகள் பிடிக்கும். மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமலேயே அடுத்த ரீலுக்குத் தாவுவார்கள். நீங்கள் குறிப்பிடும் 'ஏறத்தாழ இரண்டு நிமிடம்' இந்தக் கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

குரலெழுப்பியவர்களுக்கு இந்தக் கணக்கு உடம்பிலேயே ஊறியிருக்கிறது. மூன்றாவது சுற்றின் இறுதி அலகை நெருங்க நெருங்க, மாற்றம் வரப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த மெட்டு வரும், எந்தச் சுருதியில் வரும் என்பதுதான் தெரியாது. ஜி சுருதியில் ஓடிக்கொண்டிருந்த இசை ஒரு படி உயர்ந்து ஏ சுருதிக்குப் போகும்போது, ஃபிடிலின் திறந்த (விரல் வைத்து அழுத்தாத) தந்திகள் வேறுவிதமாக அதிரத் தொடங்கி, ஒலியின் நிறமே பளிச்சென்று மாறிவிடும். கிட்டார் ஒரு கணம் விலகி நிற்பதும் திட்டமிட்டதே: அடித்தளம் நீங்கும்போது மெட்டு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது, அது திரும்பி வரும்போது தரையே அதிர்வதுபோல் இருக்கிறது.

பதிவில் இது ஏன் உறைக்கவில்லை என்று பல ஆண்டுகள் நானும் யோசித்திருக்கிறேன். பதிவில் இந்த மாற்றத்தை நாம் தனியாகக் கேட்கிறோம், இரண்டாம் முறை கேட்கையில் அது எங்கே வரும் என்பதும் தெரிந்துவிடுகிறது. அரங்கிலோ காத்திருப்பவர்கள் நடுவே அமர்ந்திருக்கிறோம். கூர்ந்து கவனித்திருந்தால், மாறுவதற்கு ஓரிரு அலகுகளுக்கு முன்பே கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும், யாரோ ஒருவர் புருவத்தை உயர்த்தியதையும் கண்டிருப்பீர்கள்.

பதில் (இல்லன் பைப் கேட்பதில் ஆர்வமுள்ளவர்)

அந்த மெதுவான மெட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை 'ஸ்லோ ஏர்' என்பார்கள். அயர்லாந்தில் பக்கவாத்தியமின்றித் தனிக்குரலில் பாடும் 'ஷான் நோஸ்' மரபிலிருந்து வந்த மெட்டுகள் அவற்றுள் பல. பாடலின் சொற்கள் எங்கே நீள்கின்றனவோ அங்கே இசையும் நீள்கிறது. மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கிறது. நம் மேடைகளில் விருத்தம் பாடுவதை நினைத்துக்கொண்டால், தாளம் ஏன் கையில் அகப்படவில்லை என்பது விளங்கும். வேறுபாடு, சொற்கள் இங்கே வாய்திறந்து பாடப்படுவதில்லை என்பதே. அப்பாடலை அறிந்தவர்களுக்குச் சொற்கள் உள்ளே ஒலித்துக்கொண்டிருக்கும். உங்கள் பக்கத்திலிருந்த பெண்மணி அந்தச் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.

இல்லன் பைப் இதற்கென்றே பிறந்த கருவி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஐரிஷ் மொழியில் 'இல்லன்' என்னும் சொல் முழங்கையைக் குறிப்பது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பேக்பைப்பை வாயால் ஊத வேண்டும். அதன் சுரங்கள் ஒன்பது. ஒலியை இடையில் நிறுத்தவும் முடியாது. இல்லன் பைப்பிலோ வலக்கையின் முழங்கை ஒரு துருத்தியை இயக்கிக் காற்றை அனுப்ப, இடக்கையின் முழங்கை பையை அழுத்துகிறது. இரண்டு ஸ்தாயிகளுக்குச் சுரங்கள் கிடைக்கின்றன. மெட்டுக்குழலின் அடிவாயைத் தொடைமீது அழுத்தி, எல்லாத் துளைகளையும் மூடினால் ஒலி நின்றுவிடும். ஆகவேதான் அதை அமர்ந்து வாசிக்கிறார்கள். ஆகவேதான் அதில் மௌனத்தையும் வாசிக்க முடிகிறது. 2017இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. முடிவில் யாரும் உடனே கைதட்டாததும் அந்த மௌனத்தின் தொடர்ச்சிதான். அந்தச் சில நொடிகளுக்காகவே நான் கச்சேரிகளுக்குப் போகிறேன்.

பதில் (அரங்க ஒலியமைப்பில் பணியாற்றியவர்)

கைதட்டியதில் பண்பாட்டுப் பிழை எதுவும் இல்லை, தூரம்தான் சிக்கல். ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. நீங்கள் மேடையிலிருந்து 35 மீட்டர் பின்னால் அமர்ந்திருந்ததாக வைத்துக்கொண்டால், அங்கிருந்து எழும் தட்டல் பத்தில் ஒரு வினாடி தாமதித்துத்தான் கலைஞரின் காதை அடையும். மேடையின் ஒலியும் அதே அளவு தாமதமாகத்தான் உங்களை வந்தடைந்திருக்கும் என்பதால் தாமதம் இரட்டிப்பாகிறது. விரைவான ஜிக்கில் அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையே உள்ள நேரமே இந்த இரட்டிப்புத் தாமதத்தைவிடக் குறைவு. ஆயிரம் பேர் ஒரு சுரம் பிந்தித் தட்டும்போது, ஒலிபெருக்கி இருந்தாலும் கலைஞரால் தம் தாளத்தைக் காத்துக்கொள்வது கடினம். குரலெழுப்புவதால் இந்தத் தொல்லை இல்லை. அது தாளத்தோடு கட்டுண்டதல்ல. உற்சாகம் மேலிடும்போது தயங்காமல் குரல் கொடுங்கள்.

பதில் (பிரித்தானி இசை விரும்பி)

ஒரு சிறு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். 'செல்டிக்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வெவ்வேறு மரபுகள் அடங்கியிருக்கின்றன. மேலே சொல்லப்பட்டவை பெரும்பாலும் அயர்லாந்துக்கே பொருந்தும். பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் 'ஃபெஸ்ட் நோஸ்' என்னும் இரவுக் கூடலுக்குப் போனால் அமர்ந்து கேட்பவர்களைவிட, கைகோத்து ஆடுபவர்களே மிகுதியாக இருப்பார்கள். அங்கே 'கான் ஹா டிஸ்கான்' என்றொரு பாடல் முறை உண்டு. முதலாமவர் பாடும் அடியின் இறுதி அசைகளிலேயே இரண்டாமவர் சேர்ந்துகொண்டு, அதே அடியைத் தாம் திருப்பிப் பாடுவார். இவர் முடிக்கும் இடத்தில் அவர் மீண்டும் சேர்ந்துகொள்வார். பாட்டு ஒரு கணமும் அறுபடாது. ஆகஸ்டில் அதே பகுதியின் லோரியான் நகரில் 1971 முதல் நடந்துவரும் அனைத்துச் செல்டிக் விழாவுக்கு ஒருமுறை சென்றால், இந்த மரபுகள் அனைத்தையும் அருகருகே கேட்கலாம்.

கேள்வி கேட்டவர், சில வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு, கிளாஸ்கோவிலேயே ஒரு மதுவிடுதியில் நடக்கும் 'செஷன்' எனும் கூட்டு வாசிப்புக்குச் சென்றிருந்தேன். மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் அமர்ந்து வாசித்தார்கள். நான் இரண்டடி தள்ளி அமர்ந்து சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் செட்டில் என் எண்ணிக்கை தவறிவிட்டது. இரண்டாவது செட்டில், மூன்றாம் சுற்றின் பிற்பகுதி தொடங்கியதும் குழல் வாசித்த முதியவர் தலைநிமிர்ந்து, எதிரே இருந்த இளம்பெண்ணிடம் சுருதியின் பெயரை மட்டும் உரக்கச் சொன்னார். அவள் ஃபிடில் தந்தியிலிருந்து வில்லை எடுக்காமலேயே தலையசைத்தாள். பிறகு மெட்டு மாறியது. இம்முறை குரலெழுப்பியவர்களில் நானும் ஒருவன்.