சஃபாரி டைகோர்: புது ஷாக் போட்டும் பின்பக்கம் இடது ஓரம் தாழ்ந்தே நிக்குது

ஓஎம்ஆர் சஃபாரி:
எல்லாருக்கும் வணக்கம். 2010 டாடா சஃபாரி 2.2 டைகோர், 1,46,000 கி.மீ. ஓடியிருக்கு. அப்பா ஆசையா வாங்கின வண்டி, விக்கிற எண்ணமே இல்ல. பின்னாடி ரெண்டு ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) ஆயில் கசிஞ்சதால போன மாசம் புதுசு போட்டேன். துள்றது நின்னுடுச்சு. ஆனா இடது பின்பக்கம் தாழ்ந்தே இருக்கு. குடும்பத்தோட திண்டிவனம் போறப்ப ஸ்பீட் பிரேக்கர் இறங்கினா ‘டொக்’னு அடிக்குது. ஸ்பிரிங் இடுக்குல ரப்பர் பஃபர் வச்சா சரியாயிடும்னு பட்டறையில சொல்றாங்க. வைக்கலாமா?

அம்பத்தூர் பட்டறை:
தம்பி, பஃபர் வேணாம். வண்டி எடையைத் தாங்கி உயரத்துல நிறுத்துறது ஸ்பிரிங். அதோட ஆட்டத்தை அடக்குறது மட்டும்தான் ஷாக் வேலை. ஷாக் மாத்தி உயரம் வராது. பஃபர் வச்ச சுருள் வேலை செய்யாம முடங்கிடும், மொத்த பாரமும் மத்த சுருள் மேல விழும்.

முதல்ல அளந்து பாருங்க. சமதரையில நிறுத்தி, வீலோட நடு மையத்துல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் பிடிங்க. தரையில இருந்து அளந்தா டயர் காத்து கணக்கைக் கெடுத்துடும். அப்புறம் டார்ச் அடிச்சு ஸ்பிரிங்கோட அடிச்சுருளைப் பாருங்க. அது உக்கார்ற கிண்ணத்துல சேறும் தண்ணியும் தேங்கி, துருவேறி, பெரும்பாலும் அங்கதான் ஒடியும். ஒடிஞ்ச துண்டு அப்படியே உக்காந்திருக்கும், மேலோட்டமா பாத்தா தெரியாது.

ஓஎம்ஆர் சஃபாரி:
அண்ணே, நீங்க சொன்னதேதான்! வலது 50.5 செ.மீ., இடது 47.5. சேத்தைக் கம்பியால குத்தி எடுத்தா, அடிச்சுருள் ஒடிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. 2015 வெள்ளத்துல வேளச்சேரியில தண்ணியில நின்ன வண்டி இது. இடது மட்டும் மாத்தினா போதுமா? முன்பக்கமும் இறங்கின மாதிரி இருக்கு, அதையும் ஏத்திடலாமா?

ஈசிஆர் பயணி:
ப்ரோ, மாத்துற வரைக்கும் லோடு ஏத்தி ஹைவே போகாதீங்க. ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க, பழசும் புதுசும் ஒரே உயரத்துல நிக்காது. புதுப்பேட்டையில பழைய ஸ்பிரிங் மலிவா கிடைக்கும், ஆனா அது இன்னொரு வண்டியில தளர்ந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல வருஷம், இன்ஜின், 4×2-வா 4×4-ஆன்னு சொல்லிப் புதுசு கேளுங்க. ஸ்பிரிங் உக்கார்ற ரப்பர் சீட்டும், ஆக்ஸில் மேல வந்து இடிக்காம தடுக்கிற பம்ப் ஸ்டாப்பர் ரப்பரும் கூடவே வாங்கிடுங்க. என் வண்டியில அதை விட்டுட்டு, மறுபடி பிரிக்க வேண்டியதாச்சு.

அம்பத்தூர் பட்டறை:
அவர் சொல்றது சரி. பிரிக்கிறப்ப சேஸிஸை ரெண்டு ஸ்டாண்டுல நிறுத்தணும், ஆக்ஸிலுக்கு அடியில தனியா ஒரு ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில போகக் கூடாது, உயிர் போற விஷயம். ஷாக்கோட கீழ் போல்டைக் கழட்டி ஆக்ஸிலை மெதுவா இறக்கணும். ஷாக் கழண்டதும் ஆக்ஸில் ரொம்பக் கீழ தொங்கும். பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு ஒரு கண் வச்சுக்கோங்க.

ஆக்ஸிலை சேஸிஸோட பிணைக்கிற லிங்க் ராடு போல்டைத் தொட்டா, வண்டி தொங்குறப்பவே முழுசா முறுக்க விடாதீங்க. தரையில இறக்கி, எடை உக்காந்த பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்குறப்பவே இறுக்கினா அதுல இருக்கிற ரப்பர் புஷ் எப்பவும் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழிஞ்சிடும். நிறைய இடத்துல இதை அவசரத்துல விட்டுடறாங்க, பாக்கும்போது வருத்தமா இருக்கு.

முன்னாடி உங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கிட்டே எடையைத் தாங்குற நீளக் கம்பி. போல்டை முறுக்கினா உயரும், ஆனா கம்பி பலமாகாது. அதிகம் ஏத்தினா வீல் கீழ இறங்குற இடம் குறைஞ்சு பள்ளத்துல உதைக்கும். பின்பக்கம் முடிச்சு, மறுபடி அளந்துட்டு முடிவு பண்ணுங்க. தொட்டா வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

ஓஎம்ஆர் சஃபாரி:
ரெண்டு ஸ்பிரிங்கும் போட்டாச்சு அண்ணே. ஒரு வாரம் ஓட்டி அளந்தேன், ரெண்டு பக்கமும் 52. சத்தம் சுத்தமா இல்ல. முன்பக்கத்தைத் தொடல. ஆனா ராத்திரியில ஹெட்லைட் வெளிச்சம் முன்னைவிட கிட்டத்துல விழுது. பின்பக்கம் உயர்ந்ததாலயா?

அம்பத்தூர் பட்டறை:
ஆமா தம்பி. பின்பக்கம் தாழ்ந்து நின்னப்ப யாராவது லைட்டை இறக்கி வச்சிருப்பாங்க. ஒரு சுவரைப் பாத்து நிறுத்தி, வழக்கமான பாரத்தோட திருப்பி செட் பண்ணிக்கோங்க.