விசாரணையே வைக்காம நிறுத்திட்டா லேபர் கோர்ட்டுல பணம் கூடுமா?

கேள்வி:
மாமா அன்னூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல 9 வருசம் வேலை பார்த்தாருங்க. 2024-ல சூப்பர்வைசரோட வாய்ச்சண்டை, மறுநாளே கேட்டுல நிறுத்திட்டாங்க. சார்ஜ் மெமோவும் (குற்றச்சாட்டு நோட்டீஸ்) இல்லை, விசாரணையும் இல்லை. அந்த வருசமே கோயம்புத்தூர் லேபர் கோர்ட்டுல கேஸ் போட்டாச்சு. கடைசிச் சம்பளம் 15,000. விசாரணை வைக்காததுக்குன்னு நஷ்டஈட்டை ஏத்திப் போடுவாங்களா?

பதில் 1:
தனியா ஏத்த நம்ம சட்டத்துல இடமில்லைங்க. இங்கிலாந்துலதான் முறையை மீறின முதலாளிக்கு 25 சதவீதம் வரைக்கும் கூட்டுவாங்க. தொழிலாளி மீறினா அதே அளவு குறைப்பாங்க. இங்க விசாரணை வைக்காத மில்லும் கோர்ட்டுலயே அனுமதி வாங்கி, சாட்சி விட்டுத் தொழிலாளி மேல தப்புன்னு நிரூபிக்கலாம். 1973-ல ஃபயர்ஸ்டோன் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனா அந்த அனுமதியை மில் கோர்ட்டுல போட்ட பதில் மனுவுலயே (கவுன்ட்டர்) கேட்டிருக்கணும். முதல்ல அதைப் படிச்சுப் பாருங்க. கேக்காம விட்டுட்டு, கடைசில மனு போட்டா வக்கீல் எதிர்க்கணும். நிரூபிச்சாலும் வாய்ச்சண்டைக்கு டிஸ்மிஸ் அதிகம்னு, கேஸ் போட்டப்ப இருந்த தொழில் தகராறு சட்டத்தோட 11ஏ பிரிவுல கோர்ட் தண்டனையைக் குறைக்கலாம்.

பதில் 2:
பணம் நிக்கறது பின்சம்பளத்துலதானுங்க, அதாவது நிறுத்தின நாள்ல இருந்து வராத சம்பளத்துல. "வேற வேலை, வருமானம் இல்லை"ன்னு கிளெய்ம் ஸ்டேட்மென்ட்லயும் (கோரிக்கை மனு) ப்ரூஃப் அஃபிடவிட்லயும் (சாட்சியமா தர்ற பிரமாணப் பத்திரம்) எழுதியிருக்கா? 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, அதை எழுதிட்டா வருமானம் இருந்துச்சுன்னு காட்டற பொறுப்பு மில்லுக்குப் போயிரும். அந்த ஒரு வரி இல்லாம பின்சம்பளத்தைக் கோட்டை விட்டவங்க நிறைய.

கேட்டவர்:
மாமா இப்பத் தறிக்குப் போறாருங்களே, மாசம் 9,000 வரும்.

பதில் 2:
அப்ப அதையே எழுதுங்க. மறைச்சு, குறுக்கு விசாரணையில மாட்டினா மத்த சாட்சியமும் எடுபடாது. பிஎஃப் பாஸ்புக்கை மில் கேட்டு வாங்கும். 24 மாசத்துக்குக் கணக்குப் போட்டா 3,60,000. தறிக் கூலி 2,16,000 போக 1,44,000. பைசா சுத்தமா கழிக்காம, பாதின்னு குத்துமதிப்பா தர்ற கோர்ட்டும் உண்டு.

பதில் 3:
"நாங்க நிறுத்தலை, அவராத்தான் வரலை"ன்னு மில் பல்டி அடிக்கும், பாருங்க. நிறுத்தினப்ப வேலை கேட்டு ரிஜிஸ்தர் தபால் அனுப்பின ரசீதும் ஒப்புகை அட்டையும் இருந்தா அதுதான் பெரிய ஆதாரம்.
கிராஜுவிட்டி வேற கணக்கு: 15,000-ஐ 26-ஆல வகுத்து, 15 நாளாலயும் 9 வருசத்தாலயும் பெருக்கினா 77,884 சொச்சம். வாங்கறப்ப "வழக்கு உரிமையை விட்டுத் தராமல்"னு கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. "முழுக் கணக்கும் தீர்ந்தது"ன்னு அச்சடிச்ச பேப்பரை நீட்டினா தொடவே வேண்டாம்.