பாலூட்ட விரும்பிய திருநங்கையாக மருத்துவர்களிடம் நான் கண்டவை

என் இணையர் கருவுற்ற ஐந்தாம் மாதத்தில், பிறக்கப்போகும் குழந்தைக்கு நானும் பாலூட்ட விரும்புகிறேன் என்று சொல்ல ஒரு மகப்பேறு மருத்துவரிடம் சென்றேன். அவர் என் கோப்பைத் திறக்கக்கூட இல்லை. “நடக்காத காரியத்துக்கு ஆசைப்படாதீர்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். எட்டு ஆண்டுகள் ஹார்மோன் எடுத்து வளர்ந்த மார்பகத்தில் பால் சுரப்பிகள் உண்டு என்பது அவருக்குத் தெரியாததன்று. அந்த அலட்சியம் இன்றும் எனக்கு வலிக்கிறது.

எனக்கு ஹார்மோன் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் வேறு விதமாக நடந்துகொண்டார். 2018-இல் வெளியான முதல் மருத்துவப் பதிவை என் முன் வைத்தார்: 30 வயதுத் திருநங்கை ஒருவருக்கு மூன்று மாதச் சிகிச்சையில் நாளொன்றுக்கு எட்டு அவுன்ஸ், அதாவது சுமார் 237 மில்லி, பால் சுரந்தது, அவருடைய குழந்தை முதல் ஆறு வாரங்கள் அந்தப் பாலை மட்டுமே குடித்து நன்றாக வளர்ந்தது. “ஆனால் இது ஒருவருடைய அனுபவம், உங்களுக்கும் அதே அளவு வரும் என்று நான் வாக்குத் தர முடியாது” என்றார். அந்த நேர்மைதான் எனக்குத் தெம்பைத் தந்தது.

கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்டிரோன் என்னும் ஹார்மோன்கள் உயர்ந்து, பேறுகாலத்தில் சட்டென்று இறங்கும்போதுதான் புரொலாக்டின் என்னும் இன்னொரு ஹார்மோன் பாலைச் சுரக்கவைக்கிறது என்பதால், அந்த ஏற்ற இறக்கத்தையே மருந்துகளால் உண்டாக்குவது அவருடைய திட்டம். புரொலாக்டினை உயர்த்த டோம்பெரிடோன் தந்தார். அது வாந்திக்கான மாத்திரை. பால் சுரப்புக்காக அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இலேயே எச்சரித்திருக்கிறது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதால், ஈசிஜி எடுத்துப் பார்த்த பிறகே முதல் மாத்திரையை எழுதித் தந்தார்.

பால் உறிஞ்சும் பம்பை நாளுக்குப் பல முறை வைத்தும் வாரக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் புனலின் உள்பக்கத்தில் மஞ்சள் கலந்த ஒரு துளி ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க மனம் வராமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குழந்தை பிறந்த பிறகு என் பால் மட்டும் போதவில்லை. பாலூட்டல் ஆலோசகர் ஒரு மெல்லிய குழாயை என் காம்பருகே ஒட்டிக் காட்டினார். குழந்தை சப்பும்போது என் பாலோடு, என் இணையர் கறந்து வைத்த பாலும் அதன் வழியே இறங்கியது. மடியில் கிடந்தவள் விழுங்கும் சத்தத்தை முதன்முதலாக அன்றுதான் கேட்டேன்.

மறுமொழி

தங்கையே, பாலூட்டல் பிரிவில் பணிபுரியும் செவிலியாக இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். நீங்கள் பாலூட்டும் வேளையில் பெற்றெடுத்த தாய் பம்பு வைக்காமல் விட்டுவிட்டால் அவருடைய சுரப்பு குறைந்துவிடும். முதல் வாரங்களில் இதைக் கவனிக்காமல் இருவரும் தவித்த ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். டோம்பெரிடோனை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். பதற்றமும் உறக்கமின்மையும் வரக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பால் போதுகிறதா என்பதை உங்கள் மார்பை வைத்து முடிவு செய்யாமல், குழந்தையை வைத்துப் பாருங்கள்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறாளா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டிவிட்டாளா என்று குறித்து வையுங்கள். எங்கள் பிரிவுக்கு முதன்முதலாக ஒரு திருநங்கை வந்தபோது படிவத்தில் ‘தந்தை’ என்று நானே எழுதிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுமுறை வரவும் இல்லை. அதன்பிறகு, “உங்களைக் குழந்தை எப்படி அழைக்க வேண்டும்?” என்று கேட்ட பின்புதான் பேனாவை எடுக்கிறேன்.